அளவு எழுதாத பிடிமண்

சித்திரை ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்குச் செம்பொட்டல் மேட்டின் மேற்கு ஓரத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நான், தங்கச்சாமி அம்பலம், வயது எழுபத்தொன்று. அய்யனாருக்குப் புரவி செய்கிற முத்தப்பன் வேளார். மண் அரிப்புத் தடுப்பு வாரியத்தின் செயல் அலுவலர் ஈஸ்வரன். அதே வாரியத்தில் கள ஆய்வாளராக இருக்கும் ரேணுகா என்ற பெண். காவலாளி சேவுகப்பெருமாள். அவனுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்த அவன் மனைவி அன்னக்கிளி. போட்டோ எடுக்க வந்த ஒருவர். அவர் பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏழு பேர். வாரியத்தின் அறிக்கையில் ‘உள்ளூர்ப் பொதுமக்கள் சுமார் நூற்றைம்பது பேர் திரண்டிருந்தனர்’ என்று இருக்கிறது. எங்கள் ஊரில் மொத்தமே நூற்றிருபது பேர், கைக்குழந்தைகளையும் சேர்த்து.

அந்த அறிக்கையில் எங்கள் வீட்டுப் பெயர் பதினான்கு இடங்களில் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாரிடமும் இரக்கம் கேட்டு எழுதவில்லை.

செம்பொட்டல், காரைக்குடியிலிருந்து புதுவயல் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனி மாதம் அய்யனாருக்குப் புரவி எடுப்போம். அந்த மண் குதிரையைச் செய்ய வேளார் தன் இஷ்டத்துக்கு மண்ணைத் தொட முடியாது. சித்திரை முடிவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டின் மூத்தவர் ஊருக்கு மேற்கே இருக்கும் மேட்டில் ஒரு பிடி மண்ணை வலது கையால் அள்ளி, வெற்றிலை பாக்கோடு வேளார் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் பிடிமண். அது கைமாறிய பிறகுதான் வேளார் வீட்டில் களிமண்ணில் தண்ணீர் விழும்.

ஏழு தலைமுறையாக நாங்கள் கொடுக்கிறோம். தவறினால் உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அடுத்த பங்காளி கதிரவன். சில வருடங்களாகவே சித்திரை பிறந்தால் அவன் என்னிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறான். என் காலத்தில் தவறினால் அது என் பெயரோடு சேர்ந்து தவறும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேட்டின் மேல் வாரியம் வந்தது. மேடு பதினொரு ஏக்கர். மேற்குப் பக்கம் தார்ச்சாலை. கிழக்குப் பக்கம் சரிந்து இறங்கி எங்கள் ஊருணியில் முடியும். ஊருணிக்கு அப்பால் வீடுகள். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக இறங்கி ஊருணியை நிரப்பும். வறண்ட பகுதிகளில் கட்டடம் கட்டும்போது மண் அரிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று நாட்டுக்குக் காட்டுவதற்காக, வாரியம் அங்கே தனக்கு ஒரு மாதிரி வளாகம் கட்டத் தொடங்கியது. வாசலில் வைத்த பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

முதல் நாள் ஈஸ்வரன் என்னை அழைத்து மரியாதையாகத்தான் பேசினார்.

“அய்யா, நான் நேற்று முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். இந்த மேட்டில் மண்ணைப் பிடித்து வைக்கக்கூடிய தாவரம் ஒன்றுகூட இல்லை.”

“ஆவாரை கெடக்கே. கொழிஞ்சி கெடக்கு. அந்தா, பனை நிக்கிதுல்ல?”

“அவை பட்டியலில் இல்லை.”

“பட்டியல்ல இல்லாட்டியும் மண்ணப் புடிச்சுக்கிட்டுத்தான சார் நிக்கிது.”

“நிற்கலாம். ஆனால் அங்கீகாரம் இல்லாமல் நிற்கிறது.”

இரண்டு ஜேசிபி வந்தன. மூன்று நாளில் மேடு முடி இறக்கிய தலை போல ஆனது. அதன் பிறகு பட்டியலில் உள்ள புல்லின் விதை குளிர்ப் பிரதேசத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. மாசி மாதம் விதைத்தார்கள். விதைக்குத் தண்ணீர் ஊற்ற டேங்கர் எங்கள் ஊருணியிலேயே தண்ணீர் எடுத்தது. டேங்கர் ஒரு முனையில் தெளித்துக்கொண்டே மறு முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் தெளித்த இடம் காய்ந்துவிடும். அதன் சக்கரம் ஓடிய இடத்தில் மண் மாவாகக் கிடந்தது. புல் முளைக்கவில்லை. எறும்புகள் அந்த வருடம் நன்றாக இருந்தன.

பங்குனியில் காற்று எழுந்தது. எங்கள் வீடுகளில் துவைத்த வேட்டி சிவந்தது, குடத்துத் தண்ணீர் சிவந்தது. சோற்றைக் கழுவிச் சாப்பிட்டோம். புதுவயல் அரிசி ஆலைக் களங்களில் காயப்போட்ட நெல்மீது செம்மண் படிகிறது என்று ஆலைக்காரர்கள் ஒரு மனுவோடு வந்தார்கள். ஈஸ்வரன் மனுவை நின்றுகொண்டே படித்துவிட்டுச் சொன்னார்: “தரையில் இருந்தால் மண். காற்றில் போனால் தூசி. தூசி எங்கள் வாரியத்தில் வராது. மண் எங்களைத் தாண்டிப் போகிறது என்று மட்டும் யாராவது நிரூபித்தால் நான் இன்றைக்கே நடவடிக்கை எடுப்பேன்.”

அவர்கள் அந்த மனுவின் மேலிருந்த மண்ணை ஊதிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மண் போகிறதா என்று பார்க்க வாரியத்திடம் ஒரு முறை இருந்தது. மேடு முழுவதும் அறுபது மரமுளை அடித்திருந்தார்கள். ஒவ்வொரு முளையிலும் தரைமட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே மரம் தெரிந்தால் அந்த அளவுக்கு மண் போயிருக்கிறது என்று பொருள். நல்ல முறை. வாரா வாரம் திங்கட்கிழமை ரேணுகா ஒரு நோட்டும் ஒரு சுத்தியலும் எடுத்துக்கொண்டு முளை முளையாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அருகில் போய்ப் பார்த்தேன். முளை ஒரு சாண் வெளியே தெரிந்தது. அந்தப் பெண் சுத்தியலால் நாலு போடு போட்டுக் கோட்டைத் தரைக்கு இறக்கினாள். பிறகு நோட்டில் எழுதினாள்: அரிப்பு இல்லை.

“என்னம்மா இது?” என்றேன்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். சிங்கம்புணரிப் பக்கத்துப் பெண். “முளை வெளிய தெரிஞ்சா ‘முளை சரியா அடிக்கலை’ன்னு என் பேர்ல மெமோ வருதுங்கய்யா. மூணு மெமோ வாங்கிட்டேன். நாலாவது வாங்கினா வீட்டுக்குப் போகணும்.”

“மண்ணு போறது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“மொதல்ல ரெண்டு அடி முளை அடிச்சோம். இப்ப அஞ்சு அடி முளை கேட்டு எழுதியிருக்கேன். நீங்களே சொல்லுங்கய்யா, எனக்குத் தெரியுமா தெரியாதா?”

மண்ணைத் தடுக்கப் பச்சைத் துணி வேலி ஒன்றும் கட்டினார்கள். இடுப்பளவு உயரம், நல்ல உறுதியான வேலி. அதை மேற்கே, சாலை ஓரமாகக் கட்டினார்கள். மேடு கிழக்கே அல்லவா சரிகிறது, வேலி பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

“ஆய்வுக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கமாக வருவார்கள்?” என்று ஈஸ்வரன் திருப்பிக் கேட்டார்.

“ரோட்டுப் பக்கமாத்தான்.”

“அப்படியானால் வேலி சரியான இடத்தில்தான் இருக்கிறது.”

கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணையெல்லாம் கிழக்குச் சரிவின் தலையில் கொட்டினார்கள். வரத்துக்கால் அதற்கடியில் போனது. தினமும் லாரி வந்து கொட்டியது. பங்குனி முடிவில் அந்தக் குவியல் முப்பது அடி உயரம் நின்றது. சாயங்காலம் அதன் நிழல் ஊருணியைத் தாண்டி முதல் வரிசை வீடுகளின் சுவரில் ஏறியது. முன்பெல்லாம் எங்களுக்குப் பொழுது அடைவது ஆறரைக்கு. அந்த வருடம் அந்த வீடுகளில் ஐந்தரைக்கே விளக்கு ஏற்றினார்கள்.

வரத்துக்காலைப் பற்றியும் போய்ச் சொன்னேன். அது வரைபடத்தில் இல்லை என்றார்.

“கோடை மழை வந்தா தண்ணி எங்குட்டு சார் போகும்?”

“மழைக்கான ஏற்பாடுகள் தனி அத்தியாயம், அய்யா. முதல் மழை பதிவான தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் செய்ய வேண்டும் என்று விதி. மழை பதிவாகாமல் நாங்கள் ஏற்பாடு செய்தால், எந்த மழைக்காகச் செய்தீர்கள் என்று தணிக்கையில் கேட்பார்கள்.”

“அதுக்குள்ள பேஞ்சிருச்சுன்னா?”

“பெய்தால் பதிவு செய்வோம்” என்றார். அவர் மேசைமேல் மழைமானி ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

இந்த இடத்துக்குள்ளேதான் என் ஒரு பிடி மண்ணும் இருந்தது. முந்தின சித்திரையில் வேலி இல்லை, வழக்கம்போல அள்ளினேன். இந்த முறை வேலியைத் தாண்டி உள்ளே போய் அள்ள முடியாது. எழுதிக் கேட்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை கேட்டு அள்ளியதில்லை. ஆனாலும் சித்திரை நிற்காது. பங்குனி முதல் வாரம் வாரியத்தின் தகர அறைக்குப் போனேன். ஈஸ்வரன் ‘மண் வெளியேற்ற விண்ணப்பம்’ என்ற படிவத்தை எடுத்து அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். ரேணுகா எழுதினாள்.

“எடுத்துச் செல்லும் வாகனம்?”

“கை.”

“கையை வாகனப் பட்டியலில் காணோமே.”

“அப்ப ‘நடை’ன்னு போடுங்க.”

“இறுதியில் பயன்படுத்துபவர்?”

“அய்யனார்.”

“முழுப் பெயர்?”

ரேணுகா தானாக ஏதோ எழுதிக்கொண்டாள்.

“மண்ணைத் திரும்ப ஒப்படைக்கும் நாள்?”

“திரும்ப வராது. அய்யனாருக்குக் குடுத்தத யாரும் திருப்பிக் கேக்க மாட்டாக.”

“வாரியம் கேட்கும். பரவாயில்லை, ‘திரும்பாது’ என்று எழுதிக்கொள்ளம்மா. அளவு?”

“அளவெல்லாம் கெடையாது.”

“நூற்றைம்பது கிராம் என்று போட்டுவிடலாமா?”

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது. பிடிமண்ணை நிறுக்கக் கூடாது, அளக்கக் கூடாது, இவ்வளவு என்று வாயால் சொல்லக் கூடாது. அளந்து கொடுத்தால் அது கூலி. அளக்காமல் கொடுத்தால்தான் மரியாதை. என் தகப்பனார் அப்படித்தான் கொடுத்தார். “நிறுத்துக் குடுக்க நான் மளிகைக் கடை வச்சிருக்கலை. அளவு எழுத மாட்டேன்” என்றேன்.

ரேணுகா தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னாள்: “அய்யா, ‘ஒரு பிடி’ன்னாச்சும் எழுதிக்கிறேனே. சும்மா விட வேணாமுங்கய்யா.”

“வேணாம்.”

ஈஸ்வரன் சிரித்தார். “விடும்மா. காலியாக இருந்தால் ஒன்றும் தப்பில்லை. தேவைப்படும்போது நிரப்பிக்கொள்ளலாம்.”

கீழே ‘தங்கச்சாமி அம்பலம், செம்பொட்டல் பிடிமண் உரிமைக்காரர்’ என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். கோடு போட்ட இடம் போதவில்லை. பக்கத்துக் கட்டம் வரைக்கும் போயிற்று.

பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது. அனுமதி இல்லை. ‘தங்கள் விண்ணப்பத்தின் மூலம் மண் வெளியேறும் அபாயம் முதன்முறையாக வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது’ என்று நன்றி தெரிவித்திருந்தார்கள். அந்த அபாயத்தைத் தடுக்க ஒரு காவலாளியை நியமித்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் சேவுகப்பெருமாள். எங்கள் ஊர்ப் பையன்தான், நாற்பது வயது, எனக்கு அண்ணன் மகன் முறை. மண் திருட வருகிறவன் ஊர்ப் பக்கமிருந்துதான் வருவான் என்று கணக்குப் போட்டு, கிழக்கே குவியலின் அடியில் நான்கு கம்பும் ஒரு தகரமும் வைத்து அவனுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

“சித்தப்பு, கோட்டுக்கு அங்குட்டே நில்லுங்க” என்றான். “ஒங்களப் புடிக்கத்தான் என்னைய வேலைக்கு வச்சிருக்காக.”

“என்னையவாடா?”

“மண்ணு வெளிய போனா மூணு தடவ ஊதணும். அதான் வேல. நீங்க ஒரு பிடி அள்ளினீகன்னா ஊதிருவேன், பெறகு சொந்தக்காரன் இப்பிடிப் பண்ணிட்டானேன்னு கோவிச்சுக்கப்புடாது.”

“காத்துல போகுதே, அதுக்கு ஊதலையா?”

“மொத நாளு ஊதினேன் சித்தப்பு. சாயந்தரம் வரைக்கும் ஊதினேன். வாயி வீங்கிப்போச்சு. அது தூசியாம்ல, ஊத வேணாமுன்னுட்டாக.”

தூக்குச் சட்டியோடு வந்த அன்னக்கிளி அங்கேயே நின்றாள். “வீட்லயும் அந்த விசிலக் கழட்ட மாட்டேங்குறாரு மாமா. பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி கொழம்பு குடுத்தேன், மூணு தடவ ஊதுறாரு.”

“வெளிய போச்சுல்ல? சட்டம்னா சட்டந்தான்” என்றான் அவன்.

சிரித்துவிட்டு அவன் என்னைக் கையால் மேலே பார்க்கச் சொன்னான். குவியலின் நெற்றியில் குறுக்காக ஒரு விரிசல். கயிறு கனம் இருந்தது. “போன வாரம் நூல் கனந்தான் இருந்துச்சு சித்தப்பு. ஆபீசுல சொல்லிட்டேன்” என்றான். அடுத்த வாரம் நான் பார்த்தபோது ஒரு ஆள் பாதம் நுழையும் அகலம் இருந்தது. அதற்கடுத்த வாரம் விரிசல் தெரியவில்லை. வாரியத்தின் பெயர் எழுதிய பெரிய தட்டி ஒன்றை அதன்மேல் வைத்திருந்தார்கள்.

அனுமதி மறுத்ததை எதிர்த்து நான் மூன்று கடிதம் எழுதினேன். வந்த பதில்களில் என் பெயரை மூன்று விதமாகத் தப்பாக எழுதியிருந்தார்கள். சித்திரை பிறந்தது. கதிரவன் வந்து என் உடம்பை விசாரித்துவிட்டுப் போனான். முதல் செவ்வாய் போனது. இரண்டாவது நெருங்கியபோது திடீரென்று ஈஸ்வரனே வீடு தேடி வந்தார். மேலிடத்திலிருந்து ஆண்டறிக்கைக்குப் ‘பாரம்பரியமும் மண் பாதுகாப்பும்’ என்ற தலைப்பில் போட்டோ கேட்டிருந்தார்களாம். மண் அள்ள அனுமதி உண்டு என்று சொல்லி ஒன்பதாம் தேதி வரச் சொன்னார்.

அன்றுதான் நாங்கள் ஏழு பேரும் மேற்கு ஓரத்தில், பச்சை வேலிக்கு உள்ளே, ஏழாம் நம்பர் முளைக்குப் பக்கத்தில் நின்றோம். போட்டோவில் வேலி தெரிய வேண்டும் என்பதற்காக அந்த இடம். சேவுகப்பெருமாளையும் கிழக்கேயிருந்து வரவழைத்திருந்தார்கள். முதலில் மண் உறுதிமொழி வாசித்தார்கள். பிறகு ஈஸ்வரன் ஐந்து நிமிடம் பேசினார். கேட்க நாங்கள் ஆறு பேர்தான். ஆனாலும் மைக்கில் பேசினார்.

“இந்த மேட்டிலிருந்து வாரியத்தின் அனுமதியோடு வெளியேறும் முதல் மண் இது. இதற்கு முன் ஒரு துகள்கூட வெளியேறவில்லை என்பதற்கு அறுபது முளைகள் சாட்சி. இனியும் வெளியேறாது. வெளியேறினால் அது நாங்கள் அறியாமல் வெளியேறியதாகத்தான் இருக்கும். நாங்கள் அறியாத ஒன்றுக்கு நாங்கள் பொறுப்பாக முடியாது என்பதை இந்த நல்ல நேரத்தில் சொல்லிக்கொள்கிறேன்.”

அவர் பேசி முடிப்பதற்குள் காற்று அவர் சட்டையைச் சிவப்பாக்கிவிட்டது. அள்ளுவதற்கு ஒரு அலுமினியக் கரண்டியை நீட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை. குனிந்து வலது கையால் அள்ளினேன். முத்தப்பன் வேளார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினார்.

“நல்லா வாங்கிக்கங்க வேளாரே” என்றேன்.

“குடுங்க அம்பலம். இந்தக் காத்துல நேரமானா வெறுங்கையத்தான் குடுப்பீக” என்றார் அவர்.

மண் கைமாறியது. சேவுகப்பெருமாள் அதிகாரியைப் பார்த்து, “சார், ஊதட்டுமா?” என்று கேட்டான். விதி விதிதானே என்றார் ஈஸ்வரன். அவன் மூன்று தடவை ஊதினான். அன்னக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கடமை முடிந்தது. மனம் லேசாக இருந்தது. கிளம்பும்போது ஈஸ்வரனிடம் சொன்னேன்: “மண்ண எடுத்தாச்சு சார். இனிமே நான் வரமாட்டேன். அவன அந்தக் குவியலடியில இருந்து எடுத்துருங்க.”

“காவல் உத்தரவு தனிக் கோப்பு, அய்யா. உங்கள் விண்ணப்பக் கோப்பு முடிந்தால் காவல் கோப்பு தானாக முடியாது. அதற்குக் காரணம் காட்டி எழுத வேண்டும்.”

“நாந்தான காரணம்? நாந்தான் வரமாட்டேங்குறேன்ல?”

“அதை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. வாரியம்தான் தானாக உணர வேண்டும்” என்றார்.

சித்திரை பதினெட்டு, வியாழக்கிழமை. காலையிலிருந்து இலை அசையவில்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் குடத்துத் தண்ணீரில் மண் விழவில்லை. மூன்று மணிக்கு வடமேற்கே வானம் பித்தளைப் பாத்திரம் புளி போடாமல் கறுத்தது போல ஆயிற்று. நான்கு மணிக்கு மழை இறங்கியது. தண்ணீர் ஓடுகளில் கல் விழுவது போல விழுந்தது.

அரை மணி நேரம் இருக்கும். மழைச் சத்தத்துக்கு நடுவில் விசில் கேட்டது. மூன்று தடவை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தடவை. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ, “அம்பலத்து மாமா மண்ணெடுக்கப் போயிட்டாரா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். மூன்றாம் முறை இரண்டு தடவைதான் கேட்டது. மூன்றாவது ஊதலுக்காக நான் காத்திருந்தேன். வேறொரு சத்தம் வந்தது. அது உரத்த சத்தம் இல்லை. சுவரில் சாய்ந்திருந்தவர்களுக்கு முதுகில் தெரிந்தது.

மழை விட்டபோது ஊருணியின் படிக்கட்டு இருந்தது. படிக்கட்டின் முடிவில் தண்ணீர் இல்லை. மேட்டிலிருந்து முதல் வரிசை வீடுகளின் வாசல் வரைக்கும் ஒரே மட்டமாகச் செம்மண். ஊர் ஆண் பெண் எல்லோரும் மண்வெட்டி எடுத்தோம். தகரம் முதலில் கிடைத்தது. பொழுது அடைவதற்குள் அவனையும் எடுத்துவிட்டோம். அன்னக்கிளி அவன் வாயிலிருந்த மண்ணை விரலால் எடுத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு ஈஸ்வரன் மேற்குச் சாலை வழியாக வந்தார். பச்சை வேலி ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் நின்றது. அதை முதலில் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு இறங்கி வந்து எழவு வீட்டில் நின்று பேசினார்.

“சேவுகப்பெருமாள் கடைசி வரைக்கும் விதிப்படி நடந்துகொண்டார். ஊதியிருக்கிறார். மொத்தம் எத்தனை முறை என்பதை மட்டும் உறுதி செய்ய வேண்டும்.”

அன்னக்கிளி நிமிர்ந்தாள். “ஊதுனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?”

“அம்மா, அலுவலக நேரம் ஐந்தே முக்கால் வரைக்கும். அவர் ஊதியது நேரத்துக்குள்தான். அவர் பக்கம் ஒரு குறையும் இல்லை. நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.”

பிறகு ஈஸ்வரன், முந்தின நாள் பெய்த மழை எவ்வளவு இருக்கும் என்று எங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். மழைமானி குவியலோடு போய்விட்டதாம்.

வைகாசி கடைசியில் அறிக்கை வந்தது. ரேணுகா ஒரு நகலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான்காவது மெமோவை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருந்தாள். “அந்த நம்பரு நான் எழுதலைங்கய்யா. கையெழுத்தப் பாருங்க, என் கையெழுத்து இல்ல” என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். என் விண்ணப்பத்தை அறிக்கையோடு இணைத்திருந்தார்கள். என் கையெழுத்து இருந்தது, பக்கத்துக் கட்டம் வரைக்கும். அளவு என்ற கட்டத்தில் ‘ஆறாயிரத்து நானூறு கன மீட்டர்’ என்று எழுதியிருந்தது. குவியலிலிருந்து இறங்கிய மண் அவ்வளவு. அது அரித்துக்கொண்டு போன மண் அல்லவாம். உரிமைக்காரரின் விண்ணப்பத்தின் பேரில், முறைப்படி அனுமதித்து, உறுதிமொழி எடுத்து, போட்டோவோடு வெளியேற்றிய மண்ணாம். ஆகவே இந்த ஆண்டு மாதிரி வளாகத்தில் மண் அரிப்பு: இல்லை. கடைசிப் பக்கத்தில், ஊருணியில் கிடக்கும் மண் விண்ணப்பதாரருக்குச் சொந்தம் என்றும், அதற்கு அவரே பொறுப்பு என்றும் இருந்தது.

ஒரு பிடி என்று ஒரு சொல் எழுத அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அதையும் நடந்தபடிதான் எழுதுகிறேன்.

ஆனியில் புரவி எடுத்தோம். வேளார் நல்ல புரவியாகச் செய்திருந்தார். பிடிமண் உரிமை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் லாரியில் வருகிறது. கிழக்குச் சரிவில் மறுபடி மண் கொட்டுகிறார்கள். இப்போது பதினைந்து அடி இருக்கும். குவியலுக்கடியில் புதிதாக ஒரு தகரம் போட்டிருக்கிறார்கள். ஆள் தேடுவதாகக் கேள்வி.

ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. காளையார்கோவில் வரைக்கும் போயிருக்கிறது. அம்பலம் வீட்டுப் பிடிமண்ணுக்குக் காவல் நின்றுதான் சேவுகப்பெருமாள் செத்தான் என்கிறார்கள். தவறு. எங்கள் பிடிமண் அதற்கு ஒன்பது நாள் முன்பே வேளார் வீட்டுக்குப் போய்விட்டது.